பாடம் 7: வீட்டுக்குள் நேரும் கொலையின் சுமை யார் தலையில்?

இக்கையேட்டின் முன்னைய பாடங்களில் காணி ஆவணங்கள், கண்ணிவெடி அபாயம், கிணறு துப்புரவாக்கல், வீட்டுத்திட்டக் கொடுப்பனவு என்பவற்றைப் பார்த்தோம். ஊர் திரும்பும் குடும்பத்திற்கு அவை உடனடித் தேவைகள். இந்தப் பாடம் வேறு வகையானது. கணவன் மனைவியைக் கொல்வது, அல்லது சேர்ந்து வாழும் துணையொருவர் மற்றவரைக் கொல்வது பற்றியது. கிராமக் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் "அது எங்கட ஊரில இல்லை" என்று ஒருவர் சொல்லுவார். சற்று நேரம் கழித்து இன்னொருவர் பக்கத்து ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். ஆகவே வாசியுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். உங்கள் வீட்டிலேயே இந்தப் பிரச்சினை இருக்குமானால் இந்தப் பக்கத்தை உங்களைத் துன்புறுத்துபவர் முன்னால் விரிக்க வேண்டாம். கையேட்டை அயல்வீட்டிலோ மாதர் சங்கக் கட்டடத்திலோ வைத்து வாசிக்கலாம்.

எங்கே கொல்லப்படுகிறார்கள்?

உலகம் முழுவதிலும் கொலை செய்யப்படுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். அவர்களில் பெரும்பாலானோர் வீட்டுக்கு வெளியே, குடும்பத்தைச் சேராத ஒருவரின் கையால் இறக்கிறார்கள். பெண்களுடைய நிலைமை தலைகீழானது. ஐக்கிய நாடுகளின் மதிப்பீட்டின்படி 2023 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 85,000 பெண்களும் சிறுமியரும் வேண்டுமென்றே கொல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 51,100 பேரைக் கொன்றது அவர்களுடைய துணைவர் அல்லது குடும்பத்தவர். அதாவது நூற்றுக்கு 60 பேர், நாளொன்றுக்கு 140 பேர். கொல்லப்படும் ஆண்களில் துணைவராலோ குடும்பத்தவராலோ இறப்பவர்கள் நூற்றுக்கு 12 பேர் அளவில்தான்.

துணைவரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2013 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. 66 நாடுகளின் தரவுகளைத் திரட்டிய அந்த ஆய்வில், கொல்லப்பட்ட பெண்களில் 38.6 வீதமானோர் துணைவரால் கொல்லப்பட்டிருந்தனர். ஆண்களில் அது 6.3 வீதம். ஆண்களும் கொல்லப்படுகிறார்கள் என்பது உண்மை. கீழே சொல்லப்போகும் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று சொல்ல இடமில்லை.

இலங்கையில் 2019 இல் குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய பெண்கள் நலன் ஆய்வு, துணைவரோடு வாழ்ந்த அல்லது வாழ்கின்ற பெண்களில் ஐந்தில் ஒருவர் தன் வாழ்நாளில் துணைவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானதாகச் சொல்கிறது. உங்கள் ஒழுங்கையில் பத்து வீடுகள் இருந்தால் இரண்டு வீடுகள். அவை எல்லாம் கொலையில் முடிவதில்லை. மிகச் சிலவே முடிகின்றன. ஆனால் கொலையில் முடிந்தவற்றைத் திரும்பிப் பார்த்தால், முன்பு அடி நடந்த வீடுகளாகவே அவற்றில் பெரும்பாலானவை இருக்கும்.

எண்ணிக்கையில் வராத மரணங்களும் உண்டு. பல வருட அடிக்குப் பிறகு ஒரு பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால் பதிவேட்டில் அது தற்கொலை. தீக்காயத்தோடு வைத்தியசாலைக்கு வந்து இறந்தால், உண்மை எதுவாக இருந்தாலும், அருகிலிருந்தவர் சொல்வதைப் பொறுத்து அது விபத்தாகிவிடலாம். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து கேட்கும்போது, முன்பு நடந்ததை அறிந்த தாயும் சகோதரியும் அயலவரும் வாய் திறந்தால்தான் அது பதிவாகும். "செத்துப் போனவளுக்கு இனி என்ன" என்று விட்டுவிடுகிறோம். அந்த மௌனத்தின் பலனை அவளுடைய பிள்ளைகள் பல வருடங்களுக்கு அனுபவிப்பார்கள்.

பத்திரிகையில் "குடும்பத் தகராறு: பெண் பலி" என்று நாலு வரியில் செய்தி வரும். தகராறு என்ற சொல்லில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரும் சண்டை பிடித்தது போல. செய்தி எழுதுபவர்கள் இந்தச் சொல்லைக் கைவிட்டால் நல்லது என்பது என் எண்ணம்.

ஒரு மரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சுகாதாரத் துறையினர் ஒரு மரணத்தின் கனத்தை அறிய, இறந்தவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருப்பார் என்று கணக்கிடுவார்கள். எழுபது வயதில் வரும் மாரடைப்பும் முப்பது வயதில் வரும் மரணமும் பதிவேட்டில் ஒவ்வொரு வரிதான். ஆனால் இழந்த ஆண்டுகள் வேறு. துணைவரால் கொல்லப்படுபவர்களில் பெரும் பங்கினர் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதில் இருப்பவர்கள். அதனால் இந்த மரணங்கள் எண்ணிக்கையில் குறைவாகத் தெரிந்தாலும் ஆண்டுக் கணக்கில் பெரியவை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய்க்கு 30 வயது. பிள்ளைகளுக்கு 9, 6, 2 வயது. தாயை இழந்தபின் மூத்த பிள்ளைக்கு 18 ஆக இன்னும் 9 ஆண்டுகள், நடுப்பிள்ளைக்கு 12, கடைக்குட்டிக்கு 16. கூட்டினால் 37 ஆண்டுகள் தாயில்லாத பிள்ளைப் பருவம். அவள் 78 வரை வாழ்ந்திருப்பாள் என்று வைத்தால் அவளுடைய சொந்த வாழ்வில் போனது 48 ஆண்டுகள். தந்தை விளக்கமறியலில். வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி மேல் நீதிமன்றத்துக்குப் போய் முடியப் பல ஆண்டுகள் எடுக்கும். ஆகவே பிள்ளைகள் ஒரே நாளில் இருவரையும் இழக்கிறார்கள். சில வேளைகளில் கொன்றவரும் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அப்போது வழக்கே இல்லை, பிள்ளைகள் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

இப்போது அம்மம்மாவைப் பாருங்கள். அவருக்கு 58 வயது என்று வைப்போம். கடைக்குட்டி 18 ஆகும்போது அவருக்கு 74. எங்கள் பகுதியில் அந்த வயது அம்மம்மா ஒருவர் போரில் கணவனையோ மகனையோ இழந்தவராக இருக்கக்கூடும். முள்ளிவாய்க்கால் வரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தவராக இருக்கக்கூடும். மகளைப் புதைத்துவிட்டு, திரும்பவும் இரவில் பால் கரைக்கத் தொடங்குவார். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஆடு, கோழி, தோட்டக்கூலி, அரசின் கொடுப்பனவு கிடைத்தால் அதுவும். பாடசாலைச் சப்பாத்து, கொப்பி, வழக்குத் தவணைக்குப் பஸ் செலவு எல்லாம் அவர் தலையில். அந்தக் கொலைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அதன் செலவில் பெரும் பங்கைக் கட்டுபவர் அவர்தான்.

அப்பம்மா வீட்டிலும் அழுகை இருக்கிறது. மகன் சிறையில், மருமகள் மண்ணில், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகவே முகமில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க நகையை அடகு வைப்பது அந்தக் குடும்பம். தங்கைக்குப் பேசிய சம்பந்தம் முறிந்து போவதும் அங்கேதான். இரண்டு குடும்பங்களும் ஒரே கோயிலுக்கோ ஒரே பள்ளிவாசலுக்கோ போகிறவர்கள் என்றால் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். இழப்பு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஆனால் சமமாகவும் பகிரப்படுவதில்லை. மிக அதிகமாகச் சுமப்பவர்கள் பிள்ளைகள், அடுத்ததாகத் தாய்வழிப் பெண்கள்.

திரும்பி வந்த ஊரில் ஏன் கவனம் கூட வேண்டும்?

நலன்புரி நிலையத்தில் இருந்தபோது உங்கள் கொட்டிலுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் நடுவே ஒரு தறப்பாள்தான். யார் யாரை ஏசுகிறார்கள், யார் அழுகிறார்கள் என்பது எல்லோருக்கும் கேட்டது. அதில் மானம் போனது, மறைவு இல்லை, வெட்கமாக இருந்தது. ஆனால் கூக்குரல் எழுந்தால் நாலு பேர் ஓடி வந்தார்கள். இப்போது காணிக்குத் திரும்பியிருக்கிறோம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவு. பக்கத்துக் காணிக்காரர் இந்தியாவிலோ கனடாவிலோ இன்னும் முகாமிலோ இருக்கிறார். அவருடைய வளவில் பற்றை வளர்ந்து கிடக்கிறது. மின்சாரம் வராத வீடுகள் இருக்கின்றன. பொலிஸ் நிலையம் பதினைந்து இருபது கிலோமீற்றர் தள்ளி இருக்கலாம், கடைசிப் பஸ் மாலையோடு போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் கத்தினால் யாருக்குக் கேட்கும்? வீடு கிடைத்தது, காணி கிடைத்தது, காது தொலைந்துபோனது.

இதோடு வேறு நெருக்கடிகளும் சேர்கின்றன. வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வரும். கூரை போடு முன் பணம் முடிந்து கடன் வாங்கியவர்கள் பலர். வள்ளமும் வலையும் இல்லாமல் கடற்றொழிலாளி ஒருவர் வீட்டில் இருக்கிறார். நுண்கடன் தவணை கேட்டு வருபவர் வாசலில் நிற்கிறார். கசிப்பு மலிவாகக் கிடைக்கிறது. இவையெல்லாம் வீட்டுக்குள் கோபத்தைக் கூட்டும். ஆனால் கொலைக்கு இவை காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே போரைக் கண்டு, அதே முகாமில் இருந்து, அதே கடனில் தவிக்கும் ஆயிரக்கணக்கான ஆண்கள் மனைவி மேல் கை வைப்பதில்லை. போரையும் குடியையும் சாட்டாகச் சொல்லும்போது அந்த நல்ல மனிதர்களையும் சேர்த்து அவமதிக்கிறோம்.

முன்னறிவித்தல் பலகைகள்

கண்ணிவெடி இருக்கும் காணியில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருப்பார்கள். அதைக் கண்டதும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவீர்கள். வீட்டுக்குள் வரும் கொலைக்கும் பலகைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் தாதியாகப் பணி தொடங்கிய ஜக்குலின் கம்பெல் என்ற பேராசிரியர் 1985 இல் ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். அடி வாங்கும் பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அளக்க அது இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அவரும் மற்றவர்களும் அந்த நாட்டின் 11 நகரங்களில் துணைவரால் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி ஆராய்ந்து 2003 இல் வெளியிட்டவை எங்கள் ஊருக்கும் பொருந்துகின்றன.

முதலாவது, கழுத்தை நெரித்தல். இதைப் பலர் அடியை விடச் சிறியதாக எண்ணுகிறார்கள், ஏனெனில் வெளியே தழும்பு தெரியாமல் இருக்கலாம். உண்மையில் சில நொடிகளில் நினைவு போய்விடும். கழுத்து இரத்தக் குழாயில் பாதிப்பு ஏற்பட்டு நாட்கள் கழிந்த பின் பாரிசவாதம் வரவும் கூடும். ஒருமுறை கழுத்தை நெரித்த துணைவர் பின்னொரு நாள் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம் என்று 2008 இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், நடந்தது நினைவில் இல்லாமை என்பன இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். "விழுந்திட்டன்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரி எழுதும் அறிக்கை பின்னர் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும்.

இரண்டாவது, "கொல்லுவன்" என்ற வார்த்தை. கோபத்தில் எல்லோரும் சொல்வதுதானே என்பீர்கள். ஆனால் எப்படிக் கொல்வேன் என்று விவரமாகச் சொன்னால், பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னால், கத்தியோ மண்ணெண்ணெயோ எடுத்து வந்து சொன்னால், அது கோபம் அல்ல. வீட்டில் துப்பாக்கி இருப்பது அபாயத்தை ஐந்து மடங்கு கூட்டியதாக அந்த 11 நகர ஆய்வு சொல்கிறது. பன்றிக்கு என்று மறைத்து வைத்திருக்கும் கட்டுத்துவக்கும் துப்பாக்கிதான்.

மூன்றாவதை நன்றாக மனதில் வையுங்கள்: அவள் விட்டுப் போகும் நேரம். "அப்படியென்றால் விட்டிட்டு வர வேண்டியதுதானே" என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். பிரிந்து போகப் போகிறேன் என்று சொன்ன பிறகும், தாய் வீட்டுக்கு வந்த முதல் வாரங்களிலும்தான் ஆபத்து மிகவும் கூடுகிறது. தன் கையை விட்டுப் போகிறாள் என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆகவே பிரிவதானால் முன்கூட்டி அறிவித்துவிட்டு அல்ல, ஆயத்தம் செய்துவிட்டுப் பிரிய வேண்டும். கடைசியாக ஒருமுறை கதைப்போம் வா என்று தனியாகக் கூப்பிட்டால் போகக் கூடாது.

எந்நேரமும் தொலைபேசியைப் பிடுங்கிப் பார்ப்பது, கிணற்றடிக்குப் போனாலும் பின்தொடர்வது, தாய் சகோதரரோடு கதைக்க விடாதது, கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, அடி அண்மையில் அடிக்கடி வருவது, முன்னைய துணைக்குப் பிறந்த பிள்ளை வீட்டில் இருப்பதைச் சொல்லிக் குத்துவது என்பவையும் பட்டியலில் உள்ளன. வேலை இழந்து இருப்பதும் ஒன்று.  மூன்று நான்கு சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம்.

அயலவரும் இணக்க சபையும்

"புருசன் பெண்சாதி விசயம், நாங்கள் தலையிடக் கூடாது" என்பது எங்கள் ஊர்களில் மரியாதைக்குரிய பழக்கம். சிறு சச்சரவுக்கு அது சரி. கழுத்து நெரிக்கப்பட்டவள் விடயத்தில் அது அவளைத் தனியே விட்டுவிடுவது. பொலிஸிலும் இதே பழக்கத்தைக் காண்கிறோம். முறைப்பாடு எழுதப் போனவளை அவனையும் அழைத்து இருத்தி, புத்தி சொல்லி, ஒரே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிறு காயத்துக்கான முறைப்பாடு இணக்க சபைக்குப் போகும். வேலி, கடன், மாடு மேய்ந்தது போன்ற பிணக்குகளுக்கு இணக்க சபை மிகப் பயன்படுகிறது. உயிரச்சுறுத்தல் இணக்கிவைக்கும் பிணக்கு அல்ல. அதை அப்படியே சொல்லலாம்: "ஐயா, இது சமாதானத்துக்குரிய முறைப்பாடு இல்லை, கொலை மிரட்டல். முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதி இலக்கத்தைத் தாங்கோ."

அடி நடக்கும் வேளையில் அயலவர் இடையில் விழுந்து பிடிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அதில் அயலவரும் இறக்கலாம். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாசலில் நின்று சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், ரோச் அடிக்கலாம், 119 க்கு அழைக்கலாம். மறுநாள் அவள் தனியாக இருக்கும் நேரம் போய் "இரவு கேட்டது, எந்த நேரமும் எங்கட வீட்டுக்கு ஓடி வா, படலை பூட்டமாட்டம்" என்று சொல்லலாம். ஏன் வாங்கிக் கட்டுகிறாய், ஏன் வாய் காட்டுகிறாய் என்று கேட்க வேண்டாம்.

சட்டம் என்ன தருகிறது?

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இதற்கு அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விவாகரத்தும் கேட்க வேண்டியதில்லை. பலர் இதை அறியாததால்தான் "பிள்ளைகளின் தகப்பனை மறியலுக்கு அனுப்பவோ" என்று பின்வாங்குகிறார்கள். கணவன் மனைவிக்கு மட்டுமல்ல, பிரிந்தவர்களுக்கும், பதிவில்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். போர்க் காலத்தில் பதிவு செய்யாமல் மணமுடித்தவர்கள் இதைக் கவனிக்கவும். காதி நீதிமன்றத்தில் விவாக வழக்கு நடக்கும் முஸ்லிம் சகோதரிகளும் இச்சட்டத்தின் கீழ் நீதவானிடம் போகலாம்.

பாதிக்கப்பட்டவர் தானே மனுச் செய்யலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். அவசரம் என்று கண்டால் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை ஒன்றை வழங்கி, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதியிடும். விசாரணையின் பின் வழங்கும் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ பிள்ளைகளின் பாடசாலைக்கோ வரக்கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது, குடும்ப வீட்டை விற்று அவளை நடுத்தெருவில் விடக்கூடாது என்றெல்லாம் அதில் எழுதலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

வீடு பற்றி ஒரு விடயம். யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வந்தது. இருந்தும் நள்ளிரவில் பிள்ளைகளோடு வெளியேறி நிற்பவள் அவள்தான். அவரை வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கட்டளையைக் கேட்க முடியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதி 1911 முதல் இருக்கிறது. தன் பெயரில் காணி இருந்தும் அதை விற்று வேறிடம் போக முடியாமல் அவள் கட்டுண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் சம்மதம் தர மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாமா என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கு சட்டத்தரணி இலவசம்.

நீதிமன்றம் வரை போக மனமில்லாதவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற அறை உண்டு. மருந்தெடுக்கப் போகும் சாக்கில் அங்கே போய்க் கதைக்கலாம், வெளியே தெரியாது. கிளினிக்குக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். 1929 சிறுவர்களுக்கானது. இலக்கத்தைத் தொலைபேசியில் சேமித்தால் அவர் கண்ணில் படும் என்று பயந்தால் மனப்பாடம் செய்யுங்கள், நாலு எண்தான்.

ஆயத்தம் செய்வதென்றால் பெரிய பெட்டி அல்ல. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதியின் அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, வங்கிப் புத்தகம், கொஞ்சக் காசு, மருந்து. இவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். இடப்பெயர்வில் ஆவணப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகியவர்கள் நாங்கள். இந்தப் பை ஓடுவதற்கு முன்பே வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பொறுப்பேற்றவர்களுக்கு

மகளை இழந்து பேரப்பிள்ளைகளோடு இந்தப் பக்கத்தை வாசிக்கும் அம்மம்மா, சித்தி, மாமி யாராவது இருக்கலாம். உங்களுக்குச் சில விடயங்கள். பிள்ளைகள் உங்களோடு இருப்பது மட்டும் போதாது, சட்டப்படியும் உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடசாலை அனுமதியில், சத்திர சிகிச்சைக்குக் கையெழுத்திடுவதில், கடவுச்சீட்டில் எல்லாம் தடை வரும். தந்தையே இயற்கையான பாதுகாவலர் என்று பிணையில் வந்து கேட்கவும் கூடும். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ சந்தியுங்கள். அவர் அறிக்கை கொடுத்தால் நீதிமன்றம் பிள்ளைகளை உறவினர் பொறுப்பில் ஒப்படைக்க முடியும். இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பமாக இருந்து பிள்ளை அங்கே பிறந்திருந்தால், இலங்கைப் பிறப்புப் பதிவும் பிரசாவுரிமையும் முடிந்துள்ளனவா என்று முதலில் பாருங்கள். தாய் இருக்கும்போதே அரைகுறையாக நின்ற பத்திரங்கள் அவள் போனபின் இன்னும் சிக்கலாகும்.

2015 இல் கொண்டுவரப்பட்டு 2023 இல் புதிய சட்டத்தால் மாற்றப்பட்ட, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டத்தில் இறந்தவரில் தங்கியிருந்தோரும் பாதிக்கப்பட்டோராகவே கொள்ளப்படுகின்றனர். இழப்பீடு கோரவும், சாட்சி சொல்லும் பிள்ளைக்கு மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்கவும் அது வழி செய்கிறது. கொலையைக் கண்ணால் கண்ட பிள்ளை என்றால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் படுக்கையை நனைப்பது, பேச்சு நின்றுபோவது, படிப்பில் பின்தங்குவது எல்லாம் வரும். அடித்துத் திருத்த வேண்டாம். தந்தையைப் பற்றிப் பிள்ளை கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம், அவரை மிருகம் என்று ஏசவும் வேண்டாம். அந்தப் பிள்ளை அவரையும் நேசித்திருக்கலாம்.

கூட்டத்தில் கலந்துரையாட

உங்கள் ஒழுங்கையில் இரவில் ஒருவர் கத்தினால் கேட்கக்கூடிய வீடுகள் எவை? நடுவே ஆள் இல்லாத வளவுகள் எத்தனை? வாகனம் உள்ளவர் யார், அவருடைய இலக்கம் யாரிடம் இருக்கிறது? ஆவணப் பை ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்க முன்வரும் வீடு எது? பெயரை உரக்கச் சொல்ல வேண்டாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் பிறகு தனியாகச் சொல்லுங்கள்.